எண்ணிப் பார்க்காமல் விதைத்த கிளாரிந்தா அம்மாள்



மலருக்கு ஒவ்வொரு குழுவில் இருந்தும் ஒருத்தர் கட்டுரை தரணும், நம்ம பக்கத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி இருந்தால் நல்லது என்று கூட்டத்தில் முடிவு பண்ணினாங்க. எங்க ஊக்குநர் அக்கா என்னைக் கேட்காமலே என் பேரைக் கொடுத்துட்டாங்க. நான் பத்தாம் வகுப்போடு நின்னவ. தீர்மான நோட்டும் சேமிப்புக் கணக்கும் எழுதின கைதான் இது. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் எழுதப் போறது பாளையங்கோட்டை கிளாரிந்தா அம்மாளைப் பற்றி. அவங்க இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. பாளையில் கிளாரிந்தா ஆலயம் என்று ஒரு சின்னக் கோயில் இருக்கு. நம்மில் பலர் ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போகும்போது அந்தப் பேரைக் கேட்டிருப்போம். அது யார் பேரு, எதுக்கு அந்தப் பேரு வந்ததுன்னு யோசிச்சிருக்க மாட்டோம். நானும் ரொம்ப நாள் யோசிக்கலை. எங்க சபை ஐயரம்மா ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லணும்னு ஒரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தபோதுதான் முழுசா தெரிஞ்சுகிட்டேன்.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடுதேன். நம்ம கூட்டமைப்பில் எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். யாரையும் எங்க பக்கம் இழுக்கிறதுக்காக நான் இதை எழுதல. ஆனா அந்த அம்மா வாழ்க்கையில் அவங்க விசுவாசத்தை எடுத்துட்டா சொல்ல ஒண்ணும் இருக்காது. அதனால அதையும் சேர்த்தே சொல்லுதேன். இவங்களை நான் தேர்ந்தெடுத்ததுக்கு என் சொந்தக் காரணமும் ஒண்ணு உண்டு. அதைக் கடைசியில் சொல்லுதேன்.

தஞ்சாவூரில் பட்ட பாடு

கிளாரிந்தா என்பது பிறகு வந்த பெயர். அவங்க பிறந்தது தஞ்சாவூரில், மராட்டிய பிராமணக் குடும்பத்தில். அப்போ தஞ்சாவூரை மராட்டிய ராஜாக்கள் ஆண்டாங்க. அதனால மராட்டி பேசுற குடும்பங்கள் அங்கே நிறைய. வசதியான வீடு, கட்டுப்பாடான வளர்ப்பு. சின்ன வயசிலேயே கல்யாணம், சின்ன வயசிலேயே புருஷன் சாவு.

அந்தக் காலத்தில் விதவை என்றால் என்ன கதி என்று நம்ம ஆச்சிமார் சொல்லிக் கேட்டிருக்கோம். தலையை மழித்து, ஒரு நேரச் சாப்பாடு போட்டு, நல்ல காரியத்துக்கு எதிரே வராதே என்று மூலையில் உட்கார வைப்பாங்க. சில இடத்தில் புருஷன் சிதையிலேயே ஏத்திடுவாங்க. உடன்கட்டையைத் தடுத்துச் சட்டம் போட ஆரம்பிச்சதே 1829-லதான். இந்த அம்மா வாழ்ந்தது அதுக்கு ஐம்பது, அறுபது வருஷம் முந்தி. இவங்களையும் உடன்கட்டை ஏத்தப் போனாங்க, லிட்டில்டன் என்ற ஒரு இங்கிலீஷ்கார ராணுவ அதிகாரி காப்பாத்தினார் என்று வழிவழியாகச் சொல்லி வாராங்க.

காப்பாத்தினது எப்படியோ, அதுக்குப் பிறகு அந்த அதிகாரியோடு அவங்க வாழ்ந்தாங்க என்பது நிச்சயமான வரலாறு. கல்யாணம் பண்ணிக்கிடுதேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை அவர் நிறைவேத்தல. ஆனா அவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார், கிறிஸ்தவ வேதத்தையும் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு வாத நோய் வந்தபோது பக்கத்தில் இருந்து பாத்துக்கிட்டது இந்த அம்மாதான்.

கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பிறந்த வீடு போச்சு. சாதி சனம் தள்ளி வச்சாச்சு. வெள்ளைக்காரர் வீட்டில் மனைவி என்ற பேரும் கிடையாது. ரெண்டு கரையும் இல்லாமல் நடு ஆத்தில் நிக்கிற மாதிரி. அந்த நிலைமையில்தான் அவங்களுக்கு ஏசுவின் மேல் நம்பிக்கை வந்தது.

தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் இருந்தார். ஜெர்மனி தேசத்தில் இருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் படிச்சு, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் பண்ணினவர். ராஜாவும் நம்பினார், கும்பினிக்காரரும் நம்பினாங்க. அவரிடம் போய் எனக்கு ஞானஸ்நானம் கொடுங்க என்று இந்த அம்மா கேட்டாங்க. ஐயர் மாட்டேன்னுட்டார். கல்யாணம் ஆகாமல் ஒருத்தரோடு வாழுறபோது கொடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் எனக்கு அந்த ஐயர் மேல கோபம்தான் வந்துச்சு. வாக்குக் கொடுத்து ஏமாத்தினது அந்த ஆம்பிளை. கதவை மூடினது இவங்களுக்கு. ஆனா அந்த அம்மா கோவிச்சுக்கிட்டு விசுவாசத்தை விட்டுடல. கதவு திறக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. வருஷக்கணக்காகக் காத்திருந்தாங்க.

கோட்டைக்குள்ளே ஒரு வீடு

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவங்களும் கூட வந்தாங்க. இப்ப நாம பார்க்கிற பாளை வேற. அப்போ அது நிஜமாவே கோட்டை. சுத்தி மதில், உள்ளே கும்பினிச் சிப்பாய்கள், அவங்க குடும்பங்கள், அவங்களை நம்பிப் பிழைக்கிற வேலைக்காரங்க. மேற்கே கொஞ்ச தூரத்தில் தாமிரபரணி, அதுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி.

அந்தக் கோட்டையில் அவங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இருந்தார். சவரிமுத்து என்று பேர். திருச்சி சபையைச் சேர்ந்தவர். 1771-ல் சுவார்ட்ஸ் ஐயர் எழுதி வச்ச குறிப்பில் அவரைப் பற்றி வருது. கேட்கிறவங்களுக்கு வேதத்தை வாசிச்சுக் காட்டுவார், அவ்வளவுதான். பெரிய படிப்பு, பெரிய பதவி என்று ஒண்ணும் சொல்லல. யாரோ ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து வாசிச்சது இன்னிக்கு வரைக்கும் வரலாற்றில் நிக்குது.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இறந்து போனார். தன் சொத்தை அந்த அம்மாவுக்கு எழுதி வச்சிருந்தார். கையில் பணம் இருக்கிற, சொந்தம் இல்லாத, தனியான ஒரு விதவை. தஞ்சாவூருக்குத் திரும்பிப் போகலாம். அல்லது இருக்கிறதை வச்சுக்கிட்டு கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருக்கலாம். அவங்க ரெண்டும் பண்ணல. வீட்டு வேலைக்காரங்களையும் அக்கம்பக்கத்துக்காரங்களையும் கூட்டி உட்கார வச்சு, தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். அந்த அம்மா மறுபடியும் போய்க் கேட்டாங்க. இந்த முறை ஐயர் ஞானஸ்நானம் கொடுத்து கிளாரிந்தா என்று பேர் வச்சார். சபைக்காரங்க ராசா கிளாரிந்தா என்றும் சொல்லுவாங்க. ஊர் சனங்களுக்கு மட்டும் கடைசி வரைக்கும் அவங்க பாப்பாத்தியம்மாள்தான்.

நாற்பது பேர்

1780-ல் பாளையங்கோட்டை சபையில் ஒரு பதிவேடு எழுதினாங்க. திருநெல்வேலிச் சீமையில் இந்தச் சபைக்கு அதுதான் முதல் பட்டியல். அதில் மொத்தம் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா.

நமக்கு வருகைப் பதிவேடு பழக்கம்தானே. அதனால அந்த நாற்பது என்ற எண்ணிக்கை என் மனசில் நின்னுச்சு. திருநெல்வேலிச் சீமை எவ்வளவு பெரிசு. மேற்கே பொதிகை மலை, கிழக்கே கடல், தெற்கே தேரிக்காடு. அத்தனை சனத்தில் நாற்பது பேர். அதிலேயும் குழந்தைகள், வேற ஊரில் இருந்து வந்த சிப்பாய் குடும்பங்கள் எல்லாம் உண்டு. நம்ம மூணு குழுவைச் சேர்த்து உட்கார வச்சா அந்த நாற்பதைத் தாண்டிடும்.

வேற யாராவது இருந்தா, இவ்வளவு பாடுபட்டு இத்தனை பேர்தானா என்று சோர்ந்து போயிருப்பாங்க. இந்த அம்மா அடுத்த வேலையைப் பாத்தாங்க. அவங்களுக்கு ரெண்டு காரியம் வேணும்னு தோணுச்சு. கூடி ஆராதிக்க ஒரு இடம், சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல உபதேசியார். இதைக் கேட்கிறதுக்காக தஞ்சாவூர் வரைக்கும் போனாங்க. பஸ்சு கிடையாது, ரயில் கிடையாது. பாளையத்துச் சண்டையும் வழிப்பறியும் இருந்த காலம். தள்ளி வச்ச ஊருக்கே ஒரு பொம்பளை திரும்பிப் போய், தனக்காக ஒண்ணும் கேட்காமல், நாற்பது பேருக்காகக் கேட்டுட்டு வந்தாங்க.

கோயில் கட்டுற செலவுக்குத் தன் பணத்தைப் போட்டாங்க. பத்தாததுக்குக் கோட்டையில் இருந்த இங்கிலீஷ்காரங்க உதவினாங்க. அது எழும்பி, 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை பண்ணினார். சின்னக் கோயில்தான். பாளையங்கோட்டைச் சபைக்கு அதுதான் முதல் கோயில். சனங்கள் அதை பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொன்னாங்க.

சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாரை ஐயர் அனுப்பி வச்சார். அவர் 1790-ல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று, திருநெல்வேலிச் சபைக்குக் குருவாக வந்தார். அந்த அம்மா கேட்ட ரெண்டாவது காரியமும் நிறைவேறிச்சு.

கோயிலைத் தவிர அவங்க செஞ்சதாகச் சொல்ற வேற ரெண்டு காரியம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அப்புறம் ஒரு கிணறு. பாப்பாத்தியம்மாள் கிணறு என்று பாளையங்கோட்டையில் சொல்லுவாங்க. தலையில் குடம் வச்சுத் தண்ணி எடுத்தவங்களுக்குத்தான் ஒரு கிணத்தோட அருமை தெரியும். எங்க ஊரில் பைப்பு வர்றதுக்கு முந்தி எங்க அம்மா எத்தனை நடை நடந்தாங்கன்னு நான் பாத்திருக்கேன். அந்தக் காலத்தில் எந்தக் கிணத்தில் யார் இறங்கலாம், யார் தள்ளி நிக்கணும் என்று சாதிக்கு ஒரு சட்டம். எல்லாருக்குமாகக் கிணறு வெட்டினது, அதுவும் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு விதவை வெட்டினது, சின்ன விஷயம் இல்ல.

அந்தக் கிணத்தில் தண்ணி எடுத்தவங்க எத்தனை பேர் சபைக்கு வந்தாங்க என்று யாரும் எழுதி வைக்கல. எழுத வேண்டியதும் இல்ல.

அறுப்பு வந்தது வேற வயலில்

நாம கார் சாகுபடிக்கு நாத்துப் பாவினா நாலு மாசத்தில் அறுத்துடுதோம். பிசானத்துக்குக் கொஞ்சம் கூட. அதனால விதைச்ச கையே அறுக்கணும்னு நம்ம மனசு பழகிட்டு. தெற்கே பனங்காட்டுப் பக்கம் போனா வேற கணக்கு. தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று அங்கே சொலவடை உண்டு. இந்த அம்மா செஞ்ச வேலை பனை நட்ட மாதிரி.

1791-ல் எனிக்கே ஐயர் என்று ஒருத்தர், அவரும் ஜெர்மனிக்காரர், இங்கே வேலைக்கு வந்தார். மலைக் காய்ச்சல் பிடிச்சு, சொஸ்தமாகிறதும் படுக்கிறதுமாகவே இருந்து 1800-ல் இறந்துட்டார். சபை சின்னதா இருக்கும்போதே, இந்தத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு நாள் பெரிய சபை வரும் என்று அவர் எழுதி வச்சார். அதைப் பார்க்க அவர் இல்ல.

சாத்தான்குளம் பக்கத்தில் காலன்குடி என்ற ஊர்க்காரர் ஒருத்தர் தஞ்சாவூர் போய் வேதம் படிச்சு, தாவீது சுந்தரானந்தம் என்று பேர் பெற்று, தன் சொந்த சனங்களிடம் திரும்பி வந்தார். அவர் சொல்லி பனையேறிக் குடும்பங்கள் பல சேர்ந்தாங்க. அடி உதை, வீட்டை எரிக்கிறது எல்லாம் நடந்துச்சு. இருக்க இடம் இல்லாதவங்களுக்காக 1799-ல் ஒரு துண்டு நிலம் வாங்கி ஊர் உண்டாக்கினாங்க. அதுதான் முதலூர். மஸ்கோத் அல்வாவுக்கு இன்னிக்குப் பேர் போன அதே முதலூர்தான். 1802-லும் 1803-லும் தேரிக்காட்டுப் பக்கம் ஆயிரக்கணக்கான பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. அங்கே ஊர் ஊராகப் போனவர்களில் ஒருத்தர் சத்தியநாதன் குரு. அதாவது கிளாரிந்தா அம்மாள் கேட்டு வாங்கின அதே உபதேசியார்.

கவனிச்சீங்களா? அந்த அம்மா விதைச்சது பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ளே. அறுப்பு வந்தது அங்கே இல்ல. முப்பது மைலுக்கு அப்பால், அவங்க சாதியும் இல்லாத, அவங்க பாஷையும் இல்லாத பனங்காட்டு ஏழை சனங்களிடம் வந்தது. அவங்க கண்ணுக்கு முன்னால் இருந்த சபை கடைசி வரைக்கும் சின்னச் சபையாகவேதான் இருந்துச்சு. 1806-ல் அவங்க இறந்தாங்க என்று சொல்லுவாங்க. கடைசிக் காலத்தில் தெற்கே இருந்து வந்த செய்தி அவங்க காதில் விழுந்திருக்கும். ஆனா அதை என் வேலை என்று அவங்க எண்ணியிருக்க மாட்டாங்க என்றுதான் நினைக்கேன்.

அவங்க போன பிறகு பத்து வருஷம் போல சபையைக் கவனிக்கச் சரியான ஆள் இல்ல. எல்லாம் முடிஞ்சுபோச்சு என்று நினைக்கிற மாதிரி ஒரு காலம். 1816-ல் ஹாப் ஐயர் கோட்டைச் சிப்பாய்களுக்குக் குருவாக வந்தார். தேடிப் பாத்தா, கிராமங்களில் கிறிஸ்தவங்க இன்னும் அப்படியே இருந்தாங்க. அவர் பள்ளிக்கூடங்கள் வச்சார். 1820-ல் ரேனியஸ் ஐயர் வந்தார். 1826-ல் நம்ம ஊசிக்கோபுரம் கோயில் எழும்பிச்சு. பிறகு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி, கண் தெரியாதவங்களுக்குப் பள்ளி, காது கேளாதவங்களுக்குப் பள்ளி என்று வரிசையா வந்துச்சு. இன்னிக்கு பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறாங்க. எல்லாம் இந்த அம்மா செஞ்சது என்று நான் சொல்லல. நூத்துக்கணக்கான பேர் உழைச்சிருக்காங்க. அந்த வரிசையில் முன்னால் நிக்கிற பெண் இவங்க.

சாரா டக்கர் கல்லூரிக்கு நம்ம குழுக்காரங்க மகள்கள் எத்தனையோ பேர் போயிருக்காங்க. அந்த சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? இங்கிலாந்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்த ஒரு பெண் அவங்க. அவங்க சகோதரர் ஜான் டக்கர் ஐயர் மெட்ராசில் வேலை பாத்தார். இங்கே பெண்பிள்ளைகள் படிக்காமல் இருக்கிறதைக் கேள்விப்பட்டு, உட்கார்ந்த இடத்தில் இருந்தே காசு சேர்த்து அனுப்பினாங்க. அவங்க இறந்த பிறகுதான் அவங்க பேரில் இங்கே பள்ளி வந்துச்சு. 1895-ல் கல்லூரி வகுப்பு ஆரம்பிச்சுது. அவங்க ஒரு பிள்ளை முகத்தைக் கூட பாத்தது கிடையாது. அதுவும் பனை நட்ட கதைதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1915-ல் அ. மாதவையா என்ற எழுத்தாளர், திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்துக்காரர், பத்மாவதி சரித்திரம் எழுதினவர், கிளாரிந்தா என்ற பேரிலேயே இங்கிலீஷில் ஒரு நாவல் எழுதினார். அவர் கிறிஸ்தவர் இல்ல, பிராமணர். அந்த அம்மா இறந்து நூறு வருஷம் கழிச்சு, அவங்களைத் தள்ளி வச்ச சமூகத்தில் பிறந்த ஒருத்தரே அவங்க கதையை மரியாதையோடு எழுதினார். இதையும் அவங்க எதிர்பார்த்திருக்க முடியாது.

என் சொந்தக் காரியம்

இனி நான் சொல்லுதேன்னு சொன்ன விஷயத்துக்கு வாரேன்.

எங்க எதிர்வீட்டு அக்காவும் நானும் ஒரே குழு. அவங்க வீட்டில் இசக்கியம்மன் படம், எங்க வீட்டில் சிலுவை. அதனால ஒரு வித்தியாசமும் கிடையாது. குழம்பு மாறும், பிள்ளைகள் மாறி மாறிச் சாப்பிடும். எட்டு வருஷத்துக்கு முந்தி அந்த அண்ணனுக்கு உடம்புக்கு ரொம்ப முடியாமல் போச்சு. நான் தினமும் போய் ஜெபம் பண்ணினேன். அது உண்மையான பாசம்தான். ஆனா அதோடு நான் ஒரு கணக்கும் வச்சிருந்தேன். இந்த வாரம் கோயிலுக்கு வந்தாங்களா, அடுத்த வாரம் வருவாங்களா என்று. ரெண்டு ஞாயிறு வந்தாங்க. மூணாவது ஞாயிறு வரல. எனக்கு உள்ளுக்குள்ளே கோபம்.

அந்தச் சமயத்தில் அண்ணன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நம்ம குழுவில் உள்கடன் கேட்டாங்க. நான் அப்போ குழுப் பிரதிநிதி. கையெழுத்துப் போட்டுப் பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துட்டு, அண்ணன் எழுந்ததும் ரெண்டு பேரும் கோயிலுக்கு வரணும் என்ன, என்று சொல்லிட்டு வந்தேன்.

எனக்கு அது சாதாரண பேச்சு. பணத்தைக் கையில் வாங்கி நின்ன அந்த அக்காவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் ஒரு நிமிஷம் கூட நினைக்கல. அது குழுப் பணம். பதினாலு பேர் வாராவாரம் சேர்த்த காசு. அதில் அவங்க காசும் உண்டு. அதைக் கொடுத்துட்டு நான் பதிலுக்கு ஒண்ணு கேட்ட மாதிரி ஆயிட்டு.

அதுக்குப் பிறகு அவங்க எங்க வீட்டுப் படி ஏறல. தவணையை வேற ஒரு உறுப்பினர் கையில் கொடுத்தனுப்பினாங்க. ஒரு மாசம் கூடத் தவறல. கூட்டத்தில் அந்தக் கோடியில் உட்காருவாங்க. அண்ணன் பிழைக்கல. துட்டி வீட்டுக்கு நான் போனேன். என் கையை அவங்க பிடிக்கல. ஒன்றரை வருஷம் எதிரெதிர் வீட்டில் இருந்துகிட்டு நாங்க பேசல.

அந்தச் சமயத்தில்தான் ஐயரம்மா கொடுத்த புத்தகத்தில் கிளாரிந்தா அம்மாள் கதையை வாசிச்சேன். பிள்ளைகளுக்குச் சொல்லணும்னுதான் வாசிச்சேன். அது எனக்கு வந்து விழுந்துச்சு. தன்னை ஏத்துக்காத கோயிலுக்காக வருஷக்கணக்காகக் காத்திருந்த அம்மா அவங்க. கிணத்தை வெட்டினவங்க வாசலில் உட்கார்ந்து தண்ணி எடுக்கிறவங்களை எண்ணிக்கிட்டு இருக்கல. நாற்பது பேரையும் அவங்க மனுஷங்களாப் பாத்தாங்க, நான் ஒரே ஒரு அக்காவை எண்ணிக்கையாப் பாத்தேன். என் விசுவாசத்தை நான் சொன்னது தப்பு இல்ல. அதைத் தவணை வசூல் மாதிரி சொன்னதுதான் தப்பு.

ஒரு நாள் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீடி சுத்திக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்குப் பணத்தைக் கொடுக்கும்போது நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தப்புதான், மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அவங்க தட்டில் இருந்து தலையைத் தூக்கல. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நான் எழும்பப் போனேன். இருட்டி, காப்பி போட்டிருக்கேன் என்று சொல்லி உள்ளே போனாங்க. கருப்பட்டிக் காப்பி. அந்தக் காப்பி எனக்கு இன்னும் நினைவில் இருக்கு.

அந்த அக்கா இன்னிக்கு வரைக்கும் கோயிலுக்கு வரல. அவங்க வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏத்துறாங்க, நான் என் வீட்டில் ஜெபம் பண்ணுதேன். அந்த ஜெபத்தில் அவங்க பேரும் அவங்க பிள்ளைகள் பேரும் தினமும் உண்டு. அவங்களா என் சாமியைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன். சில நாள் கேட்பாங்க, கிளாரிந்தா அம்மாள் கதையும் அப்படி ஒரு நாள்தான் சொன்னேன். கேட்டுட்டு என்ன நடக்கும் என்பது என் கையில் இல்ல. அதை விட்டுட்டதும் எனக்குத்தான் பாரம் குறைஞ்சுச்சு.

குழு வேலையிலும் எனக்கு இது உதவுது. கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் கூடக் குறையக் கூடாது, அது கண்டிப்பு. ஆனா சில காரியத்துக்கு நோட்டுப் போட முடியாது. படிப்பை விட்ட ஒரு பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பேசிக்கிட்டே இருக்கோம். குடிக்கிற ஒரு தம்பிக்குப் புத்தி சொல்லுதோம். எங்க குழுவில் புருஷனை இழந்த ஒரு அக்காதான் இந்த வருஷம் ஆண்டுக் கூட்டத்தில் குத்துவிளக்கு ஏத்தினாங்க. முதலில் கையை நீட்டவே பயந்தாங்க. மூணு வருஷமா சொல்லிச் சொல்லித்தான் வந்தாங்க. இதுக்கெல்லாம் உடனே பலன் எதிர்பார்த்தா, முதல் வருஷத்திலேயே நாம விட்டுருப்போம்.

அடுத்த தடவை பாளைக்குப் போகும்போது ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி அந்தச் சின்னக் கோயிலைப் பாத்துட்டு வாங்க. பெரிசா ஒண்ணும் இருக்காது. ஆனா துணை இல்லாத ஒரு விதவை தன் காசைப் போட்டுக் கட்டினது என்று நினைச்சுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. இதை மலருக்குக் கொடுக்கிறதுக்கு முந்தி எதிர்வீட்டு அக்காவிடம் முழுசா வாசிச்சுக் காட்டினேன். அவங்களைப் பற்றி எழுதியிருக்கேனே, சம்மதம் கேட்காமல் கொடுக்கக் கூடாது இல்லையா. கேட்டுக்கிட்டே இருந்துட்டு, எழுதினது எல்லாம் சரிதான், ரெண்டு ஞாயிறு இல்லை, மூணு ஞாயிறு வந்தேன், அதை மட்டும் திருத்து என்றாங்க. எண்ணிக்கிட்டு இருந்த நானே தப்பாத்தான் எண்ணியிருக்கேன். மேலே எழுதினதை அடிக்காமல் அப்படியே விட்டுட்டேன். நீங்க மூணு என்று வாசிச்சுக்கோங்க.



இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி, குழு உறுப்பினர்